5 எல்.பி.எம். (நிமிடத்துக்கு 5 லிட்டர்) ஆக்சிஜன் செறிவூட்டிக்கு உள்ளங்கை அளவு வால்வு பிளாக்: துளை அளவு, டெட் வால்யூம், சோலனாய்டா சுழல் வால்வா?

#1 நுண்துளை

வணக்கம். ஆய்வகச் செயல்விளக்கத்துக்காக இரண்டு டவர் பி.எஸ்.ஏ. யூனிட் (அழுத்தத்தை ஏற்றி இறக்கிக் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரிப்பது) ஒன்று ஓடுகிறது. நோயாளிகளுக்கான கருவி அல்ல. விவரம்:

டவர் ஒவ்வொன்றும் 80 மி.மீ. உள்விட்டம், 300 மி.மீ. உயரம். உள்ளே 1 கிலோ லித்தியம் சீவ் (நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் சியோலைட்), 0.5 மி.மீ. அளவு குருணை. எண்ணெயில்லா கம்ப்ரஸர், 1.5 பாரில் நிமிடத்துக்கு 70 லிட்டர். அரைச் சுழற்சி (ஒரு டவரில் காற்று ஏறி, மற்றதிலிருந்து வெளியேறும் நேரம்) 7 விநாடி. கீழ்வாயில் டவருக்கு இரண்டாக, ஃபீடுக்கு (காற்று நுழைய) ஒன்று, எக்ஸாஸ்டுக்கு (வெளியேற) ஒன்று என நான்கு 2/2 (இரண்டு வாய், இரண்டு நிலை) சோலனாய்டு வால்வுகள் (மின்காந்தக் காயிலால் இயங்குபவை), எல்லாமே 3 மி.மீ. துளை. இணைப்புக்கு 6/4 (வெளிவிட்டம் 6, உள்விட்டம் 4 மி.மீ.) பி.யூ. குழாய். மேல்வாயில் இரண்டு செக் வால்வு (ஒருவழி வால்வு), நடுவில் பர்ஜுக்கு (காலியாகும் டவரைக் கொஞ்சம் ஆக்சிஜனால் கழுவ) ஊசி வால்வு. ஈக்வலைசேஷன் (இரண்டு டவரின் அழுத்தத்தையும் சமமாக்கும் படி) இல்லை.

5 எல்.பி.எம். எடுத்தால் தூய்மை 86 சதவீதத்தைத் தாண்டவில்லை. குழாய்களில் வீணாகத் தங்கும் காற்றுதான் (டெட் வால்யூம்) காரணம் என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே அலுமினிய பிளாக்கில் அடக்கி, வால்வுகளை 2 மி.மீ. மினியேச்சருக்கு மாற்றினால் டெட் வால்யூம் குறையும் அல்லவா? பிளாக் 100 × 60 × 40 மி.மீ.க்குள் அடங்க வேண்டும்.

#2 துளை6

2 மி.மீ.க்குப் போகாதீர்கள், தூய்மை இன்னும் இறங்கும். முதலில் கணக்கைப் பாருங்கள்.

நிமிடத்துக்கு 70 லிட்டர் என்றால் 7 விநாடியில் உள்ளே போவது சுமார் 8.2 லிட்டர். அதே நேரத்தில் ஆக்சிஜனாக நீங்கள் எடுப்பது 0.58 லிட்டர். மீதி 7.6 லிட்டரும் எக்ஸாஸ்ட் வால்வு வழியாக அடுத்த 7 விநாடிக்குள் வெளியே போயாக வேண்டும். உங்கள் யூனிட்டின் பெரும்பாலான வேலை வெளியேற்றுவதுதான்.

இப்போது டெட் வால்யூம். 4 மி.மீ. உள்விட்டத்தில் 400 மி.மீ. நீளக் குழாய் வெறும் 5 மி.லி. 1.5 பார் ஏறி இறங்கும்போது வீணாவது 7.5 மி.லி. காற்று. 8.2 லிட்டரில் அது 0.1 சதவீதம்கூட இல்லை. கீழ்வாயில் இதைக் குறைத்து எந்தப் பயனும் கிடைக்காது.

துளையைப் பாருங்கள். 3 மி.மீ. துளையின் பரப்பு 7 சதுர மி.மீ.; பாய்வுக் குணகம் 0.7 வைத்தால் பயன்படு பரப்பு 5. ஐ.எஸ்.ஓ. 6358 முறையில் ஒலிவேகக் கடத்துதிறன் ‘சி’ சுமார் 1, அதாவது வால்வுக்கு முன்னால் உள்ள அழுத்தத்தில் ஒவ்வொரு தனி பாருக்கும் (வெளிக்காற்றின் 1 பாரையும் சேர்த்து எண்ணுவது) விநாடிக்கு 1 லிட்டர். குழாய், சைலன்சர் எல்லாம் வரிசையில் சேர்ந்தால் 0.6 அளவுக்கு இறங்கிவிடும். தனியழுத்தம் 2.5 பாரில் தொடங்கும்போது விநாடிக்கு 1.5 லிட்டர் போகும். அழுத்தம் இறங்க இறங்க, அதுவும் 1.9 பாருக்குக் கீழே ஒலிவேகப் பாய்வு முடிந்த பிறகு, பாய்வு சோர்ந்துவிடும். 7 விநாடி முடிவில் டவரில் 0.2 பார் மிச்சம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கிறேன். அழுத்த இறக்கத்தின் அளவோடு ஒப்பிட்டால் நைட்ரஜன் சீவை விட்டு அதிகம் கழல்வது அந்தக் கடைசி 0.2 பாரில்தான். பர்ஜ் வாயுவும் அழுத்தம் முழுதாக இறங்கிய பிறகு போனால்தான் வேலை செய்யும்.

டவரின் கீழ்வாயிலேயே ஒரு அழுத்தமானி வையுங்கள், வால்வுக்குப் பின்னால் அல்ல. வால்வு மாறுவதற்கு முந்தைய கணத்தில் 0.05 பாருக்குக் கீழ் காட்ட வேண்டும்.

#3 பட்டறைக்காரர்

துளை6 சொல்றது சரி. எக்ஸாஸ்ட் சீட் (வால்வு மூடி உட்கார்ற வாய்) ஃபீடை விடப் பெருசா இருக்கணும், ஒரே அளவு வால்வு நாலு வாங்கிப் போடறதுதான் பொதுவா நடக்கிற தப்பு. எக்ஸாஸ்டுக்கு 6 மி.மீ. சீட், பிளாக்குக்குள்ள 8 மி.மீ. துளை. ஃபீடுக்கு 4 போதும்.

இன்னொன்னு, சைலன்சர். சின்ட்டர் பித்தளை மூக்கு மாதிரி இருக்கறதைப் போட்டிருந்தா இப்பவே கழட்டிட்டு ஓட்டிப் பாருங்க. அதுல தண்ணியும் சீவ் தூளும் சேர்ந்து களிமண் மாதிரி அடைச்சுக்கும். சத்தத்துக்கு 300 மி.லி. டப்பா, உள்ள ஃபெல்ட், வெளியே 10 மி.மீ. வாய். அது அடைக்காது.

#4 நுண்துளை

அளந்தேன். மாறுவதற்கு முன் 0.22 பார். சைலன்சரைக் கழற்றினால் 0.16. தூய்மை 87.5.

இரண்டு கேள்விகள். 6 மி.மீ. நேரடி இயக்க சோலனாய்டு பெரிதாகவும் சூடாகவும் இருக்கிறது, பிளாக்கில் அடங்காது. பைலட் வகைக்கு (சிறு காயில் திறந்துவிடும் காற்றழுத்தமே பெரிய வால்வை நகர்த்துவது) போகலாமா? நான்கு 2/2க்குப் பதில் ஒரே 5/2 (ஐந்து வாய், இரண்டு நிலை) வால்வு வைத்தால் இடம் மிச்சமாகுமே?

#5 அழுத்தமானி

5/2 இடத்தை மிச்சப்படுத்தும், ஈக்வலைசேஷனைக் கெடுக்கும். அதன் இரண்டு நிலையிலும் ஒரு டவர் ஃபீடில், மற்றது எக்ஸாஸ்டில். இரண்டும் எக்ஸாஸ்டை மூடிக்கொண்டு நிற்கும் நிலையே அதில் இல்லை. நீங்கள் இப்போது ஓட்டுவது 1960இல் ஸ்கார்ஸ்ட்ரோம் காப்புரிமை பெற்ற இரண்டு டவர் சுழற்சி. ஈக்வலைசேஷன் அதற்குப் பிறகு அந்தப் பத்தாண்டிலேயே சேர்ந்த மேம்பாடு. உயர் அழுத்த டவரில் உள்ள வாயுவை வெளியே ஊதுவதற்கு முன் மேல்வாய் வழியாகக் காலி டவருக்குக் கொடுத்துவிடுவது. 2.5க்கும் 1க்கும் நடுவே சுமார் 1.75 பாரில் இரண்டும் சந்திக்கும். எக்ஸாஸ்ட் 2.5இலிருந்து அல்லாமல் 1.75இலிருந்து தொடங்கும். கம்ப்ரஸர் வேலையும் மிச்சம், சத்தமும் குறையும்.

அதனால் டவருக்கு ஒரு 3/2 வால்வு வீதம் இரண்டு. மின்சாரம் இல்லாதபோது டவர் ஃபீடோடு சேர்ந்திருக்க வேண்டும். ஈக்வலைசேஷன் நேரத்தில் இரண்டு காயிலையும் அணைத்துவிட்டால் இரண்டு டவரும் ஃபீடில் இருக்கும், எக்ஸாஸ்ட் இரண்டும் மூடியிருக்கும். கம்ப்ரஸரும் முட்டி நிற்காது. மேல்வாயில் ஒரு சிறிய 2/2. ஆக மொத்தம் மூன்று காயில்.

பைலட் வகை தாராளமாகப் போகலாம், ஆனால் தொடக்கத்தில் ஒரு பொறி இருக்கிறது. பைலட் வால்வு நகர ஒரு குறைந்தபட்ச அழுத்தம் தேவை. யூனிட்டை இயக்கும் கணத்தில் அழுத்தம் பூஜ்யம். பாப்பெட் (வாயை மூடித் திறக்கும் அடைப்பான்) பாதி வழியில் நின்றால் ஃபீட் காற்று நேராக எக்ஸாஸ்டுக்குப் போகும். அழுத்தம் ஏறாததால் பாப்பெட் நகராது, பாப்பெட் நகராததால் அழுத்தம் ஏறாது. கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும், மானி 0.1 பாரில் கிடக்கும். இதைத் தவிர்க்க மூன்று விஷயங்கள் செய்யுங்கள். பாப்பெட்டை ஸ்பிரிங் எக்ஸாஸ்ட் மூடிய நிலைக்கே தள்ள வேண்டும். பைலட் காற்றை டவர் பக்கமிருந்து எடுக்காமல் கம்ப்ரஸர் வரியிலிருந்து ஒரு சிறு செக் வால்வு, 20 மி.லி. குழி வழியாக எடுங்கள். இயக்கிய முதல் 5 விநாடி எந்தக் காயிலையும் தொடாமல் அழுத்தத்தை ஏற விடுங்கள். டயாஃப்ரம் பரப்பு சீட் பரப்பைப் போல் குறைந்தது மூன்று மடங்காவது இருந்தால் குறைந்த அழுத்தத்திலும் உறுதியாக நகரும்.

#6 பட்டறைக்காரர்

அந்தப் பைலட் துளையை ஃபீட் காலரியோட (பிளாக்குக்குள்ள ஓடற நீளத் துளை) மேல்பக்கத்திலேர்ந்து போடுங்க. கீழ்ப்பக்கத்துல போட்டா தண்ணி இறங்கி பைலட்ல நின்னுக்கும், வால்வு சோம்பேறி ஆயிடும்.

தண்ணி வருமான்னு கேப்பீங்க. சென்னைக் காத்து 32 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம்னா ஒரு கன மீட்டருக்கு 25 கிராம் தண்ணி. நிமிஷத்துக்கு 70 லிட்டர் இழுத்தா மணிக்கு 4.2 கன மீட்டர், அதாவது 100 கிராமுக்கு மேல தண்ணி உள்ள போகுது. 2.5 பாருக்கு அழுத்தி 40 டிகிரிக்கு ஆத்தினா இழுத்த ஒவ்வொரு கன மீட்டர் காத்தும் 20 கிராம் அளவுதான் ஆவியா வெச்சுக்க முடியும், மீதி சொட்டும். பிளாக் 35 டிகிரியில இருந்தா இன்னும் அதிகம். கூலிங் காயிலுக்கு அப்புறம், பிளாக்குக்கு முன்னாடி ஒரு சின்ன டிரிப் பாத்திரம் வெச்சு, எக்ஸாஸ்ட் நேரத்துல வடியற மாதிரி பண்ணுங்க. டவர் அடியில ஒரு 40 மி.மீ. உயரத்துக்கு அலுமினா போடுங்க, லித்தியம் சீவ் தண்ணியைப் பிடிச்சா விடாது.

#7 சுழலி

சோலனாய்டிலேயே ஏன் நிற்கிறீர்கள்? கையடக்கம்தான் குறி என்றால் சுழல் வால்வு. ஒரு தட்டு நிலையாக, ஒரு தட்டு சுழலும். ஃபீட், எக்ஸாஸ்ட், ஈக்வலைசேஷன், பர்ஜ் எல்லாம் அந்தத் தட்டிலேயே வெட்டிய காடிகள். ஒரே மோட்டார். துளைகளை 8 மி.மீ. வரை தாராளமாக வைக்கலாம். கனடாவின் பர்னபியில் குவெஸ்ட்ஏர் நிறுவனம் ஹைட்ரஜன், பயோகேஸ் பி.எஸ்.ஏ.க்களை இந்த முறையில்தான் சுருக்கியது.

மின்சாரக் கணக்கும் பாருங்கள். 50 மி.மீ. தட்டு, 1.5 பார்: அதிகபட்ச அழுத்துவிசை 294 நியூட்டன். உராய்வு 0.15, சராசரி ஆரம் 17 மி.மீ. என்றால் முறுக்கு 0.75 நியூட்டன் மீட்டர். 14 விநாடிக்கு ஒரு சுற்று. தண்டில் வெறும் 0.34 வாட். ஒரே ஒரு காயில் 6 வாட் தின்கிறது.

#8 அழுத்தமானி

கணக்கு சரி, சுழலி. ஆனால் இவர் இன்னும் சுழற்சி நேரத்தையே தேடிக்கொண்டிருக்கிறார். சுழல் வால்வில் ஈக்வலைசேஷன் 0.5 விநாடியா 0.7ஆ என்பதை உலோகத்தில் வெட்டிவிட வேண்டும். தவறு என்று தெரிந்தால் புதுத் தட்டு. சோலனாய்டில் ஒரு எண்ணை மாற்றினால் போதும். மோட்டாரைப் படிநிலை மோட்டாராக வைத்து நின்று நின்று சுழற்றலாம், ஆனாலும் ஒவ்வொரு படியின் ஒன்றன்மேல் ஒன்று படியும் கோணம் மாறாது.

தட்டின் தட்டையும் சாதாரண விஷயமல்ல. இடைவெளி வழியாகக் கசிவது இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 2 மைக்ரான் 4 ஆனால் கசிவு எட்டு மடங்கு. சீவ் தூள் ஒரு துகள் உள்ளே போய் வட்டமாகக் கீறினால் அந்தக் கீறல் ஃபீடையும் எக்ஸாஸ்டையும் நிரந்தரமாக இணைத்துவிடும். சோலனாய்டில் ஒரு சீட் கெட்டால் ஒரு சீட் மாற்றலாம்.

#9 சுழலி

தூளுக்கு இரண்டு பக்கமும் ஃபெல்ட் வடிகட்டி கட்டாயம், ஒப்புக்கொள்கிறேன். நேரங்கள் உறுதியான பிறகு சுழல் வால்வுக்கு வருவதே சரியான வரிசை. அப்போது அலுமினா நிலைத்தட்டு, கார்பன்-கிராஃபைட் சுழல்தட்டு என்று போங்கள். அலுமினியத்தின் மேல் டெஃப்லான் விலை குறைவு, ஆனால் சூட்டில் ஓடிக் காடி விளிம்பு வழுக்கிவிடும்.

#10 கட்டுப்பலகை

மின்பக்கம் ஒரு குறிப்பு. 24 வோல்ட் காயிலை முழு வோல்ட்டில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். 80 மில்லி விநாடி முழு வோல்ட், பிறகு பி.டபிள்யூ.எம். (மின்சாரத்தை வேகமாகப் போட்டு அணைக்கும் முறை) 35 சதவீதம். பிளாக் சூடு பாதிக்கு மேல் குறையும். அதிர்வெண் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருந்தால் கீச்சொலி இல்லை.

காயிலுக்குக் குறுக்கே சாதாரண டயோடு மட்டும் போட்டால் அணைத்த பிறகும் மின்னோட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், வால்வு பல பத்து மில்லி விநாடி தாமதமாகத்தான் விடும். 7 விநாடி அரைச் சுழற்சியில் அது தெரியாது. ஆனால் 0.5 விநாடி ஈக்வலைசேஷனில் இரண்டு வால்வுகளின் தாமதம் வேறுபட்டால் டவர்கள் சமச்சீராக ஓடாது. பி.டபிள்யூ.எம். ஓடும்போது சாதாரண டயோடே இருக்கட்டும்; அணைக்கும் கணத்தில் மட்டும் அந்த வழியை வெட்டி, மின்னோட்டத்தை ஒரு 36 வோல்ட் ஜீனர் டயோடு வழியாக இறக்குங்கள்.

ஆயுள்: 14 விநாடிக்கு ஒரு முறை என்றால் நாளுக்கு 6,170, வருடத்துக்கு 22.5 லட்சம். ஒரு கோடி முறை உத்தரவாதம் உள்ள வால்வு நாலரை வருடம் வரும்.

#11 புதுவரவு

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். டெட் வால்யூம் முக்கியமில்லை என்று துளை6 எழுதியிருக்கிறார். தோளில் மாட்டும் 1 எல்.பி.எம். கருவிக்கும் அதுதானா? நைட்ரஜன் யூனிட்டில் வரும் ஆங்கிள் சீட் வால்வுகளையே சின்னதாக வாங்கிப் போடலாமா?

#12 துளை6

இல்லை, அங்கே தலைகீழ். 1 எல்.பி.எம். 93 சதவீதத்துக்கு, மீட்பு (உள்ளே போகும் ஆக்சிஜனில் கைக்குக் கிடைக்கும் பங்கு) 35 சதவீதம் வைத்தால், நிமிடத்துக்கு 12.7 லிட்டர் காற்று. அரைச் சுழற்சி 1 விநாடி என்றால் ஒவ்வொரு முறையும் 210 மி.லி.தான் உள்ளே போகிறது. அங்கே 15 மி.லி. டெட் வால்யூம் 1.5 பாருக்கு 22 மி.லி.யை விழுங்கும், பத்தில் ஒரு பங்குக்கு மேல். வால்வு சீட் டவர் மூடியிலேயே உட்கார வேண்டும், குழாயே கூடாது. காயில் தாமதமும் அங்கே கொல்லும். அதனால் எந்த வடிவமைப்பிலும் முதலில் ‘அரைச் சுழற்சிக்கு எத்தனை மி.லி.’ என்ற எண்ணை எழுதிவிட்டுத்தான் வால்வு பட்டியலைத் திறக்க வேண்டும். அந்த எண்ணில் 1 சதவீதத்துக்குக் கீழ் டெட் வால்யூம் இருந்தால் அதை மறந்துவிட்டு துளையைப் பெரிதாக்குங்கள். 5ஐத் தாண்டினால் வடிவத்தையே மாற்றுங்கள்.

மேல்வாய் மட்டும் விதிவிலக்கு. அங்கே தங்குவது காற்றல்ல, நீங்கள் பாடுபட்டு எடுத்த ஆக்சிஜன். டவர் மூடிக்கும் செக் வால்வுக்கும் நடுவே உள்ள இடத்தை எந்த அளவுக் கருவியிலும் சுருக்குங்கள்.

நைட்ரஜன் யூனிட் ஆங்கிள் சீட் வால்வு வேண்டாம். கார்பன் சீவ் வேக வேறுபாட்டில் பிரிப்பது, அரைச் சுழற்சி ஒரு நிமிடம் அளவுக்கு நீளும், அழுத்தமும் அதிகம். 2021 ஏப்ரலில் பம்பாய் ஐ.ஐ.டி. நைட்ரஜன் பி.எஸ்.ஏ. ஒன்றை ஆக்சிஜனுக்கு மாற்றிக் காட்டியபோது கார்பனை எடுத்து சியோலைட் போட்டதோடு அமைப்பையும் நுணுக்கமாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது. சீவ் மாறினால் வால்வின் வேலையும் மாறும்.

#13 பட்டறைக்காரர்

பிளாக் வெட்டறதுக்கு:

6061 அலுமினியம், வெட்டினதும் அனோடைஸ். குறுக்குத் துளை போட்டு வெளி வாயை எக்ஸ்பாண்டர் பால் பிளக் போட்டு அடைக்கலாம். துளை ரெண்டு சந்திக்கற இடத்துல பிசிறு நிக்கும், அதைக் கட்டாயம் எடுங்க. ஓடும்போது அது பிச்சுக்கிட்டு வந்து சீட்ல உட்காரும். 2 மி.மீ. ஓ-ரிங்குக்குக் காடி ஆழம் 1.5, அதாவது 25 சதவீதம் அழுத்தம். காடி விளிம்பை 0.1 மி.மீ. மழுக்குங்க, இல்லேன்னா மாட்டும்போதே ரிங் வெட்டுப்படும்.

ரப்பர்: ஃபீட் பக்கம் சூடு வரும், எஃப்.கே.எம். போடுங்க. மேல்வாயில ஆக்சிஜன், அங்க சாதா கிரீஸ், சிலிக்கான் ஸ்ப்ரே எதுவும் கூடாது. பெர்ஃப்ளோரோபாலிஈதர் கிரீஸ் மட்டும், அதுவும் ரிங் மேல ஒரு மினுமினுப்புக்கு. வெட்டும் எண்ணெய் துளைக்குள்ள தங்கும், வெந்நீர்-சோப்புல அல்ட்ராசோனிக் பண்ணி, அலசி, அடுப்புல உலர்த்துங்க. 3டி பிரிண்ட்ல வடிவம் பாக்கலாம், ஆக்சிஜன் விடாதீங்க.

டவர் மேல ஸ்பிரிங் இருக்கா? 0.5 மி.மீ. குருணை 0.1 மீட்டர்/விநாடியிலேயே மிதக்க ஆரம்பிக்கும். 70 லிட்டரை 80 மி.மீ. டவர்ல விட்டா சராசரியே அந்த எல்லையைத் தொடுது. ஈக்வலைசேஷன் வேற சேர்ந்தா கொடுக்கற டவர்ல மேல்நோக்கி இழுக்கும். ஸ்பிரிங் இல்லாம ஓட்டினா குருணை அரைஞ்சு தூளாகும், அந்தத் தூள் எக்ஸாஸ்ட் சீட்லதான் போய் உட்காரும்.

#14 நுண்துளை

அனைவருக்கும் நன்றி. ஸ்பிரிங் இருந்தது, இறுக்கம் போதவில்லை. இடைக்கால ஏற்பாடாக எக்ஸாஸ்டில் மட்டும் 6 மி.மீ. சீட் பைலட் வால்வுகளும் 10/8 குழாயும் போட்டேன், சைலன்சருக்குப் பதில் ஃபெல்ட் டப்பா. மிச்ச அழுத்தம் 0.05. தூய்மை 91.6.

ஈக்வலைசேஷனுக்கு 3 மி.மீ. 2/2 சேர்த்திருக்கிறேன். 1.2 விநாடி திறந்தால் தூய்மை 89க்கு இறங்குகிறது. ஏன்?

#15 அழுத்தமானி

நேரம் அதிகம். அழுத்தம் சமமாவதற்கு முன்பே கொடுக்கும் டவரின் மேல்பகுதியில் நைட்ரஜன் முனை வந்துவிடுகிறது, அது அடுத்த டவரின் சுத்தமான மேல்வாயை அழுக்காக்குகிறது. 0.4 விநாடியில் தொடங்கி 0.05 விநாடி வீதம் ஏற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் 15 நிமிடம் பொறுத்துப் பிறகு அளவெடுங்கள். அழுத்தம் முழுதாகச் சமமாக வேண்டிய அவசியமில்லை.

பர்ஜுக்கு ஊசி வால்வை எடுத்துவிட்டு நிலையான துளை வையுங்கள், ஊசி அதிர்வில் நகரும். 0.8 மி.மீ. துளை 2.5 பாரில் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் அளவு விடும். 0.7, 0.8, 0.9, 1.0 என நான்கு ஜெட் வைத்து மாற்றிப் பாருங்கள். ஆர்கான் சீவில் நிற்காது, ஆகவே 95.5க்கு மேல் தேடாதீர்கள்.

#16 நுண்துளை

0.6 விநாடி, 0.9 ஜெட்: 93.2, ஒரு மணி நேரமாக நிலையாக. பிளாக் வரைபடம் இப்படி முடிவாகியிருக்கிறது: நீளம் 110 (10 மி.மீ. கூடிவிட்டது), நடுவே 8 மி.மீ. எக்ஸாஸ்ட் காலரி, மேலே 6 மி.மீ. ஃபீட் காலரி, இரண்டு 3/2 பாப்பெட் எதிரெதிரே. ஈக்வலைசேஷன் வால்வு, பர்ஜ் ஜெட், செக் வால்வுகள் தனிச் சிறு பிளாக்கில், டவர் மூடிகளுக்கு நடுவே. கசிவுச் சோதனைக்கு எளிய முறை இருந்தால் சொல்லுங்கள்.

#17 துளை6

மேல்வாய்ப் பிளாக்கைப் பிரித்தது நல்ல முடிவு.

கசிவுக்கு: வாய்களை அடைத்து 1.5 பார் ஏற்றி, வெப்பம் சமமாக 5 நிமிடம் விட்டு, பிறகு ஒரு நிமிடம் பாருங்கள். உள்ளிருக்கும் கனஅளவு 50 மி.லி., இறக்கம் 10 மில்லிபார் என்றால் கசிவு நிமிடத்துக்கு 0.5 மி.லி., அது போதும். முதலில் வெளிக் கசிவு, பிறகு ஒவ்வொரு சீட்டையும் தனியாக. ஓட்டத்தில் கண்டுபிடிக்க இரண்டு டவரின் உச்ச அழுத்தத்தையும் எழுதுங்கள். ஒன்று மட்டும் 0.1 பார் குறைந்து நின்றால் அந்தப் பக்க எக்ஸாஸ்ட் சீட் கசிகிறது. இரண்டும் சரியாக இருந்து தூய்மை மட்டும் குறைந்தால் ஈக்வலைசேஷன் சீட்டைக் கழற்றிப் பாருங்கள்.

#18 பட்டறைக்காரர்

பாப்பெட் எதிரெதிரே வெச்சா ரெண்டு ஸ்பிரிங்கும் பிளாக்கோட அகலத்துல கிடைமட்டமா கிடக்கும். அந்தக் குழியோட அடியில 1.5 மி.மீ. வடிகால் துளை ஒண்ணு எக்ஸாஸ்ட் காலரிக்கு இறக்கிடுங்க, டயாஃப்ரம் பின்னாடி தண்ணி நிக்காது.